ஒரு செம்பட்டை முடி

ஜூன் 4

செம்பட்டை என்று என் மனைவி அழைக்கும் அம்மையாருக்கு,

உங்கள் விலாசத்தை மருத்துவமனையிலிருந்து வாங்கினேன். திரும்பத் திரும்ப எழுதிய பிறகுதான் கொடுத்தார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். போர் முடிந்து, ராணுவ ஆவண அலுவலகத்திலிருந்து என்னை விடுவித்துவிட்டார்கள். பழைய பள்ளியில் பழைய சரித்திர வாத்தியார் வேலைக்கே திரும்பியிருக்கிறேன். பாதம் தட்டை என்று டாக்டர் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போருக்குப் போகாமல் ஊரிலேயே தங்கிவிட்ட என் ஜூனியர் இப்போது துணைத் தலைமையாசிரியர். தலைமையாசிரியர் இடம் காலியாகப் போகிறது. பள்ளிக் குழு என்னைக் கூப்பிட்டு விசாரித்தது. என் படிப்பைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. "வீட்ல எங்க இருக்காங்க?" என்றுதான் கேட்டார்கள். உடம்பு சரியில்லை, சிநேகிதி வீட்டில் இருக்கிறாள் என்றேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஆகவே என் மனைவியை இந்த மாத முடிவுக்குள் அனுப்பி வைக்கவும். அவள் உங்களுடன் இருப்பதற்கு ஒரு நியாயமும் இல்லை. வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு அவளை இழுத்துக்கொண்டு போனது நீங்கள். ஜோடி ஜோடியாக வேலை. ஷெட்டுக்குள் நுழையும் முன் ஒருத்தியை ஒருத்தி சோதித்து அனுப்ப வேண்டியது ஜோடியின் பொறுப்பு. அவள் தலையில் இருந்த கொண்டை ஊசியை நீங்கள் கவனிக்காமல் விட்டீர்கள். ஷெட் வெடித்தது. ஒருத்தி செத்தாள், என் மனைவி வெந்தாள். இது நான் கட்டிய கதை அல்ல. விசாரணையில் நீங்கள் சொன்னதைப் பத்திரிகையில் படித்தேன். நான்கு மாதம் சிறையிலும் இருந்தீர்கள்.

மருத்துவமனையிலிருந்து எனக்குத் திருப்பி அனுப்பப்பட்ட பொருள் என் மேசை இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது. அதை அனுப்பச் சொன்னது யார் என்பதும் எனக்குத் தெரியும்.

எங்கள் கல்யாணத்தில் நான் எழுந்து நின்று நான்கு வார்த்தை நன்றி சொன்னபோது முதல் வரிசையில் உட்கார்ந்து வாயைப் பிளந்து கொட்டாவி விட்டவர் நீங்கள். பதினெட்டு வருஷம் ஆகிறது. நான் மறக்கவில்லை.

இப்படிக்கு,
அவளுடைய கணவன்


ஜூன் 11

வாத்தியார் அவர்களுக்கு,

நான்கு வார்த்தை அல்ல. முக்கால் மணி நேரம் பேசினீர்கள். சரித்திர வாத்தியார் சரித்திரத்தைத் திரிக்கலாமா?

உங்கள் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். தலைமையாசிரியர் பதவி வருகிற இடத்தையும் விடவில்லை. கேட்டாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். பதில் அவ்வளவுதான்.

கடிதம் முழுக்கத் தேடினேன். எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி இல்லை. கேட்காததால் சொல்கிறேன். முகம் தப்பித்துவிட்டது, ஒரு காதோரம் மட்டும் தோல் சுருங்கியிருக்கிறது. இரண்டு கையும் போய்விட்டன. வெட்டி எடுக்கவில்லை, இருக்கின்றன, ஆனால் விரல்கள் மடங்காது. டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் அணைத்துப் பிடித்துத்தான் குடிப்பாள். பேனா பிடிக்க முடியாது. அவள் ஏன் எழுதவில்லை என்று கேட்கப் போகிறீர்கள் என்பதால் முந்திக்கொண்டேன்.

நீங்கள் ஏன் எழுதவில்லை? ஏன் வந்து பார்க்கவில்லை? மருத்துவமனையில் பக்கத்துப் படுக்கைக்காரிகளுக்கெல்லாம் மாமியார், நாத்தனார், கொழுந்தன் என்று ஒரு பட்டாளம் வந்து போனது. இவளுக்கு ஒரு நாய் வரவில்லை. நான் சிறையில் இருந்தேன். நீங்கள் எங்கே இருந்தீர்கள்? ஆவண அலுவலகத்தில், நாற்காலியில்.

நாங்கள் ஒரு அச்சுக்கூடத்தின் மாடியில் இருக்கிறோம். ஒரே அறை. நான் தையல் கடையில் காஜா எடுத்து, கொக்கி தைக்கிறேன். ஷெட்டில் ஒரு குண்டூசிக்கு உயிர் போகும் என்று பயந்து கிடந்தவள் இப்போது நாள் முழுக்க வாயில் ஊசியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உங்களுக்கு எழுதும்போதும் வாயில் ஊசி இருப்பது போலத்தான் இருக்கிறது.

அவளை அனுப்ப அவள் பார்சல் அல்ல.

செம்பட்டை


ஜூன் 17

அம்மையாருக்கு,

விரல் மடங்காது, பேனா பிடிக்காது, பேச மாட்டாள், சுவரைப் பார்ப்பாள். எல்லாமே உங்கள் வாயால்தான் எனக்கு வருகிறது. அவள் உயிரோடு இருப்பதற்கே உங்கள் சாட்சியைத்தான் நான் நம்ப வேண்டியிருக்கிறது. நன்றாக இருக்கிறது. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம்.

நான் ஏன் வரவில்லை என்று கேட்கிறீர்கள். நீங்களா கேட்பது? விபத்து என்று தந்தி வந்ததும் விடுப்புக்கு எழுதிக் கொடுத்தேன். மேலதிகாரி காலில் விழாத குறை. விடுப்பு கிடைத்தது. டிரங்குப் பெட்டி கட்டி வைத்திருந்தேன். மறுநாள் காலை வண்டி. அன்று மாலைத் தபாலில் மருத்துவமனையிலிருந்து அந்தப் பொட்டலம் வந்தது. பிரித்துப் பார்த்தேன். பெட்டியை அவிழ்த்துவிட்டேன். மனுஷனுக்கு மானம் என்று ஒன்று இருக்கிறது. உறவு வேண்டாம் என்று ஒருத்தி முகத்தில் அறைந்தாற்போல் சொல்லிவிட்ட பிறகு, பழக்கூடையோடு போய் அவள் படுக்கைக்குப் பக்கத்தில் நிற்க நான் கோமாளி அல்ல.

அவளாக அப்படிச் செய்கிற பெண் அல்ல என்பதும் எனக்குத் தெரியும். பூனை மாதிரி இருப்பாள். பூனை என்றுதானே நீங்கள் எல்லோரும் கூப்பிட்டீர்கள்? அந்தப் பூனைக்கு நகம் வளர்த்துவிட்டது யார்? பள்ளிக்கூட நாளிலிருந்து அவள் காதில் ஓதிக்கொண்டிருப்பது யார்? நான் ஊரில் இல்லாத நேரம் பார்த்து அவளைக் கூட்டிப் போனாய். உன்னால் ஒரு பெண் செத்தாள். உன்னால் என் மனைவி ஊனமானாள். போதாதென்று அவளைக் கொண்டுபோய் ஒரு அறையில் பூட்டி வைத்துக்கொண்டு எனக்கே நியாயம் பேசுகிறாய்.

நீ, வா, போ என்று எழுதிவிட்டேன். திருத்தி எழுத மனமில்லை.

முப்பதாம் தேதிக்குள் அவள் வரவில்லை என்றால் நான் வக்கீலைப் பார்ப்பேன்.

கணவன்


ஜூன் 24

வாத்தியாரே,

தாராளமாக நீ, வா, போ என்றே எழுதுங்கள். சிறையில் இதைவிட நன்றாகவே கூப்பிட்டார்கள்.

சொல்லக் கூடாது என்று அவள் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். வக்கீலைப் பார்க்கப் போகிற ஆளுக்கு எதற்காக வாயைக் கட்டிக்கொள்ள வேண்டும்? கேளுங்கள்.

கொண்டை ஊசி எதுவும் இல்லை. அது நான் கட்டியது.

ஷெட்டில் எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. ஒரு பொறி பட்டால் போதும், மருந்து வெடித்துவிடும். அதனால் உள்ளே உலோகமே கூடாது. வாசலில் ஜோடிகள் எதிரெதிரே நிற்போம். நான் அவள் பின்னலை அவிழ்த்து விரலால் கோதிப் பார்ப்பேன், தையல்களைத் தடவுவேன், வாயைத் திறக்கச் சொல்வேன். அவள் எனக்குச் செய்வாள். முடிந்ததும் மேஸ்திரியம்மாவைப் பார்த்து "சுத்தம்" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். தன்னைப் பற்றித் தானே சொல்ல முடியாது. அவளைப் பற்றி நான், என்னைப் பற்றி அவள். சேர்ந்த முதல் நாளே கல்யாண மோதிரத்தையும் கழற்றி வைக்கச் சொன்னார்கள். அதைத்தான் அவள் உங்களுக்கு எழுதினாள். நீங்கள் எழுதிய பதில் நினைவிருக்கிறதா? எனக்கு இருக்கிறது. கழிப்பறைக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டே அந்தக் கடிதத்தை என்னிடம் கொடுத்தாள்.

"மோதிரத்தைக் கழற்றுகிறவள் எதையும் கழற்றுவாள்."

அச்சுப் பிசகாமல் இதே வார்த்தை. நல்ல தமிழ். படித்தவர் அல்லவா.

மறுநாள் காலை அவள் பின்னலை அவிழ்க்கும்போது உச்சியில் என் விரலில் தட்டியது. மோதிரத்தை நூலால் முடியோடு சேர்த்துக் கட்டியிருந்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் வரிசை நின்றுகொண்டிருந்தது. நான் "சுத்தம்" என்றேன்.

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். தினமும் விரலில் தட்டும். தினமும் சுத்தம். உங்கள் அடுத்த கடிதத்தில் "கையில் இருக்கிறதா?" என்று கேட்டால் "உடம்பை விட்டுப் போகவில்லை" என்று அவள் பொய்யில்லாமல் எழுதலாம் அல்லவா?

வெடித்த அன்று நான் காலிப் பெட்டி எடுத்து வர வெளியே போயிருந்தேன். அதற்குச் சற்று முன்பு தொப்பிக்குள் பின்னல் தளர்ந்து, தரையில் ஏதோ விழுந்து ஓடுகிற சத்தம் கேட்டதாக அவள் சொல்கிறாள். குனிந்து தேடினாளாம். அதற்குள் வெளிச்சம். அவளுக்கு அடுத்த மேசையில் மருந்து நிறுத்துக்கொண்டிருந்த தராசுக்காரி அங்கேயே போய்விட்டாள். கல்யாணத்துக்குப் பார்த்துக்கொண்டிருந்த பெண். அம்மாவுக்கு ஒரே மகள்.

மருத்துவமனையில் ஜன்னி கண்டு "நான்தான் உள்ள கொண்டு போனேன்" என்று இவள் பிதற்றியதை எவளோ போய்ச் சொல்லிவிட்டாள். தெரிந்தே உலோகம் கொண்டுபோய் அதில் ஒரு உயிர் போனால் கொலை வழக்கு. தெரியாமல் தங்கிய கொண்டை ஊசி என்றால் சோதித்தவளுக்கு நான்கு மாதம். நான் நான்கு மாதத்தை எடுத்துக்கொண்டேன்.

இப்போது அவள் எப்படி இருக்கிறாள் என்று சொல்கிறேன். எங்கள் அறையில் ஒரு ஆணி கிடையாது. மரக் கரண்டி. நான் வேலை முடிந்து வந்தால் வாசற்படியிலேயே நிறுத்துவாள். மடங்காத அந்தக் கையால் என் பின்னலை அவிழ்ப்பாள், தையலைத் தடவுவாள், வாயைத் திறக்கச் சொல்வாள். "சுத்தம்" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே விடுவாள். தராசுக்காரியை நான் கொன்றேன், போலீசில் போய்ச் சொல்லப் போகிறேன் என்கிறாள். பேசுகிற இரண்டு பேச்சில் அது ஒன்று.

வெடித்தபோதே எங்கள் துணிமணி, உடைமை எல்லாம் சாம்பல். எதையோ திருப்பி அனுப்பினோம் என்கிறீர்கள். எங்களிடம் அனுப்ப என்ன இருந்தது?

செம்பட்டை


ஜூன் 29

அம்மையாருக்கு,

உங்கள் கடிதத்தை ஒரு சரித்திர ஆசிரியனாகப் படித்தேன். ஆவணத்தைச் சோதிப்பது என் தொழில். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் முயற்சி.

மோதிரம் பின்னலில் இருந்து தரையில் விழுந்தது, அதனால் வெடித்தது, அதற்குக் காரணம் நான் எழுதிய ஒரு வரி. அழகான கதை. குற்றத்தை என் தலையில் கட்டிவிட்டு நீங்கள் இருவரும் கை கழுவிக்கொள்ளலாம்.

ஒரே ஒரு தடங்கல். மோதிரம் என்னிடம் இருக்கிறது.

மருத்துவமனையிலிருந்து வந்த பொட்டலத்தில் இருந்தது அதுதான். "நோயாளியின் உடைமை" என்று அச்சடித்த ஒரு துண்டுச் சீட்டு, கசங்கிய வெள்ளைத் துணி, உள்ளே மோதிரம். நான் போட்ட மோதிரம். உள்பக்கம் நான் செதுக்கச் சொன்ன தேதி இருக்கிறது. அதில் நீல நூல் சுற்றியிருக்கிறது. நூலில் தலைமுடி சிக்கியிருக்கிறது. என் மனைவியின் முடி கன்னங்கரேல் என்று இருக்கும். சிக்கியிருப்பது செம்பட்டை. அந்தத் தலை யாருடையது என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டியதில்லை. பிறவியிலேயே செம்பட்டை என்பதால்தானே உங்களுக்கு அந்தப் பெயர்?

நான் போட்ட மோதிரத்தை அவள் கழற்றி உங்களிடம் கொடுத்தாள். நீங்கள் அதை உங்கள் தலையில் கட்டிக்கொண்டு விளையாடினீர்கள். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து எனக்கே அனுப்பினீர்கள், முடியைக்கூட எடுக்காமல். ஒன்றரை வருஷமாக இது என் இழுப்பறையில் கிடக்கிறது. நான் தினமும் இழுப்பறையைத் திறக்கிறேன்.

ஷெட்டுத் தரையில் விழுந்து பொறி கிளப்பிய மோதிரம் ஒரு கீறல்கூட இல்லாமல் தபாலில் எப்படி வந்தது? பதில் சொல்லுங்கள்.

கணவன்


ஜூலை 3

வாத்தியார் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை அச்சுக்கூட வாசலில் நின்று படித்தேன். காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டேன். அச்சுக்கோப்பவர் தண்ணீர் கொண்டு வந்தார்.

அந்த முடி என்னுடையது அல்ல.

வெடிமருந்து எங்களை என்ன செய்தது என்று அவள் உங்களுக்கு எழுதவே இல்லையா? சேர்ந்த கொஞ்ச நாளில் கை மஞ்சளாகும், பிறகு கழுத்து, பிறகு முகம். தலையணை உறையும் மஞ்சள். தெருவில் பையன்கள் "மஞ்சக்கிழங்கு போகுது பார்" என்பார்கள். தலைமுடி வெளுத்துச் செம்பட்டையாகும். கடைசியில் ஷெட்டில் எல்லோருமே செம்பட்டை. என் பெயருக்கே மதிப்பில்லாமல் போய்விட்டது என்று கேலி செய்வார்கள். அவளுடைய கன்னங்கரேல் முடி எனக்கு மேலே போய்விட்டது. செம்புப் பாத்திரம் துலக்கி வைத்தது போல இருக்கும். உங்களுக்கு எழுத வெட்கப்பட்டிருப்பாள்.

மருத்துவமனையில் அவள் பின்னலை அடியோடு கத்தரித்துவிட்டார்கள். கத்தரித்த பின்னலிலிருந்து மோதிரத்தை எடுத்து, எவளோ ஒரு நர்ஸ் முறைப்படி உங்களுக்கு அனுப்பியிருக்கிறாள். எங்களுக்குத் தெரியாது. கடவுள் மேல் ஆணையாகத் தெரியாது. ஷெட்டிலேயே போய்விட்டது என்று நினைத்தோம்.

இது என்ன என்று உங்களுக்குப் புரிகிறதா? மோதிரம் விழவில்லை. கடைசி வரை அவள் தலையிலேயே இருந்திருக்கிறது. தரையில் விழுந்தது வேறு எதுவோ. எதனால் வெடித்தது என்று எனக்குத் தெரியாது, இனி யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் அதனால் அல்ல. தராசுக்காரியை அவள் கொல்லவில்லை.

அவளிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் நம்ப மாட்டாள். விசாரணையில் அவளுக்காகக் கூசாமல் பொய் சொன்னவள் நான். இதையும் அவளுக்காகக் கட்டுகிறேன் என்றுதான் நினைப்பாள். கண்ணால் பார்க்க வேண்டும். அந்த நூல், அந்த முடிச்சு, அந்த முடி. அப்படியே வேண்டும். இப்போது அவளுக்கு வளர்ந்திருப்பது எல்லாம் கறுப்பு. ஷெட்டில் இருந்த அவள் தலையில் மிச்சம் இருப்பது உங்கள் இழுப்பறையில் மட்டும்தான்.

நான் யாரிடமும் கெஞ்சினதில்லை. உங்களிடம் கெஞ்சுகிறேன். மோதிரத்தை அனுப்புங்கள்.

செம்பட்டை


ஜூலை 9

அம்மையாருக்கு,

எங்கள் ரசாயன ஆசிரியரை விசாரித்தேன். அவருக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஆய்வுக்கூடச் சாவி விஷயத்தில் என்னை அவமானப்படுத்தியவர். இருந்தும் போய்க் கேட்டேன். அந்த மருந்து முடியை வெளுக்கும் என்கிறார். "ஏன் சார், திடீர்னு?" என்றார். கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆக, முடி அவளுடையதாக இருக்கலாம் என்று ஒப்புக்கொள்கிறேன். இருக்கலாம்.

ஒன்றரை வருஷம் நான் தவறான காரணத்துக்காக வெந்தேன் என்றும் ஆகிறது. அதற்கு எனக்கு யார் மன்னிப்புக் கேட்பார்கள்? அந்த நர்ஸா? எல்லோரும் எல்லோருக்காகவும் தியாகம் செய்திருக்கிறீர்கள். ஒருத்தி சிறைக்குப் போகிறாள், ஒருத்தி சத்தியம் வாங்குகிறாள். எனக்கு ஒரு வரி எழுத ஒருத்திக்கும் தோன்றவில்லை. பேனா பிடிக்க உங்களுக்கு விரல் இருந்ததே.

மோதிரத்தை அனுப்ப முடியாது. அவள் இங்கே வரட்டும். என் கையாலேயே காட்டுகிறேன். நானே எடுத்துச் சொல்கிறேன். என் மனைவியின் மனபாரத்தை இறக்கி வைப்பது என் உரிமை, உங்கள் உரிமை அல்ல. பள்ளிக் குழு இருபதாம் தேதி கூடுகிறது. அதற்கு முன் வந்தால் எல்லோருக்கும் நல்லது.

கணவன்


ஜூலை 13

வாத்தியாரே,

எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று பார்க்கிறீர்கள்.

முந்தாநாள் என் பாவாடை ஓரத்தில் ஒரு குண்டூசி தங்கிவிட்டது. தையல் கடையில் வேலை செய்கிறவளுக்கு இது நடக்கும். வாசலில் சோதிக்கும்போது அவள் கையில் குத்தியது. அந்தக் கையில் உணர்ச்சி குறைவு, ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இதோட போதும்டி. உன்னையும் கொன்னுடுவேன். திங்கக்கிழமை ஸ்டேஷனுக்குப் போறேன்" என்றாள். எதை உடுத்திக்கொண்டு போவது என்று தீர்மானித்து, துணியை எடுத்து வைத்திருக்கிறாள். என் சொல் ஏறவில்லை. அதை எப்படியோ அடுத்த வாரத் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போட்டிருக்கிறேன். நீங்களே வந்து முன்னால் நின்று கூப்பிட்டாலும், அந்த அறையை விட்டு உங்கள் ஊருக்கு ரயிலேறுகிற நிலையில் அவள் இல்லை. போலீஸ் ஸ்டேஷனுக்கு மட்டும்தான் படி இறங்குவாள்.

மனைவி சிநேகிதி வீட்டில் இருக்கிற தலைமையாசிரியர் வேண்டுமா, மனைவி சிறையில் இருக்கிற தலைமையாசிரியர் வேண்டுமா என்று உங்கள் பள்ளிக் குழுவையே கேட்டுச் சொல்லுங்கள்.

இனி கெஞ்ச மாட்டேன்.

செம்பட்டை


ஜூலை 16

அம்மையாருக்கு,

இத்துடன் மோதிரம். அதே துணி, அதே சீட்டு, அதே நூல். முடிச்சை நான் தொடவில்லை. பதிவுத் தபாலில் அனுப்பினால் தாமதமாகும் என்று தபால் நிலையத்தில் சொன்னதால், உங்கள் ஊருக்கு வண்டியேறும் எங்கள் ஓவிய ஆசிரியரிடம் கொடுத்தனுப்புகிறேன். வாயாடி. அவரை உட்கார வைத்துப் பேசாதீர்கள்.

உங்களுக்காக அனுப்பவில்லை. உங்கள் கடைசிக் கடிதத்தின் தொனிக்காக நிச்சயமாக அனுப்பவில்லை. சான்று எங்கே தேவையோ அங்கே இருக்க வேண்டும்; அது என் தொழில் தர்மம்.

அந்த வரியை நான் எழுதிய அன்று பாசறையில் ஒருவன், தன் மனைவி வேறொருவனோடு போய்விட்டாள் என்று கடிதம் வந்து, சாப்பாட்டுத் தட்டைச் சுவரில் எறிந்தான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு என் படுக்கைக்கு வந்து எழுதினேன். இதைக் காரணமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

என்ன ஆயிற்று என்று எழுதுங்கள்.

கணவன்


ஜூலை 25

வாத்தியார் அவர்களுக்கு,

உங்கள் ஓவிய ஆசிரியர் ஞாயிற்றுக்கிழமை வந்தார். வாயாடிதான். வாசலில் நின்றபடியே உங்கள் பள்ளி முழுவதையும் சொல்லிவிட்டார். நீங்கள் யாரோடெல்லாம் பேசுவதில்லை என்பதை எண்ணுவதைவிட யாரோடு பேசுகிறீர்கள் என்பதை எண்ணுவது எளிது என்று தெரிந்தது.

நான் பொட்டலத்தோடு வாசற்படியில் நின்றேன். அவள் வழக்கம் போல என்னைச் சோதிக்க வந்தாள். "என் கையில உலோகம் இருக்கு" என்றேன். பின்வாங்கினாள். நான் படியிலேயே உட்கார்ந்து, துணியை விரித்து, தரையில் வைத்தேன். உள்ளே நகர்த்தவில்லை. அவள் அங்கிருந்தே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மண்டி போட்டு வந்தாள். முதலில் நூலைத்தான் பார்த்தாள். அவளுடைய உள்பாவாடை நாடாவிலிருந்து உருவிய நூல். முடிச்சை உதட்டால் தொட்டுப் பார்த்தாள். விரலில் தெரியாது அல்லவா. பிறகு அந்த முடி. அதை வெளிச்சத்தில் பிடிக்கச் சொன்னாள்.

"அவிழவே இல்லையா?" என்றாள்.

இல்லை என்றேன். சீட்டைப் படித்தேன். நர்ஸ் சங்கதியைச் சொன்னேன். மறுபடி மறுபடி சொல்லச் சொன்னாள். அழுவாள் என்று நினைத்தேன். என்னைப் பார்த்தாள். பார்த்த பார்வை, வாத்தியாரே, உங்களுடையதைவிட மோசம்.

"தினமும் உன் விரல்ல தட்டிச்சுல்ல? பிடுங்கி எறிஞ்சிருக்கணும்டி நீ. நான் அவர்கிட்ட திட்டு வாங்கினா வாங்கிட்டுப் போறேன். நீ என் ஜோடியா, அவருக்குக் காவக்காரியா?"

தராசுக்காரி செத்தது இதனால் இல்லை என்று இன்று தெரிகிறது, ஆனால் செத்திருக்கலாம் அல்லவா, தினமும் அப்படி ஒரு பத்து பேர் செத்திருக்கலாம் அல்லவா என்றாள். எனக்கும் கோபம் வந்தது. நான்கு மாதம் உனக்காகக் கம்பி எண்ணினேனே என்றேன். யார் எண்ணச் சொன்னது என்றாள். அவளுக்கு இவ்வளவு குரல் இருப்பதே எனக்கு இத்தனை வருஷம் தெரியாது. கீழே அச்சுக்கூடக்காரர் கம்பால் கூரையை இடித்தார். நாங்கள் நிறுத்தவில்லை.

மூன்று நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் திங்கட்கிழமை ஸ்டேஷனுக்கும் போகவில்லை. நான்காம் நாள் வேலை முடிந்து வந்தேன். வாசலில் நின்று பின்னலை அவிழ்த்துக்கொண்டு காத்திருந்தேன். "என்னத்துக்கு அங்க நிக்கிற? உள்ள வா" என்றாள். அவ்வளவுதான். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. தலைவிரி கோலமாக உட்கார்ந்து அழுதேன்.

நேற்று தராசுக்காரியின் அம்மாவைப் பார்க்கப் போனோம். படி இறங்கித் தெருவில் நடந்தாள். என்ன பேசினோம் என்பது உங்களுக்கு வேண்டாம்.

இப்போது உங்கள் காரியம். நேர்மையாகவே கேட்டேன்: போகிறாயா என்று. நீங்கள் பாசறையில் சிரித்ததைப் பற்றி எழுதியிருந்ததையும் படித்துக் காட்டினேன். அவள் மோதிரத்திலிருந்து நூலைப் பல்லால் கடித்து எடுத்தாள். மோதிரத்தை என்னிடம் கொடுத்துச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"போன தடவை நான் அனுப்பலைன்னு சொல்லு. இந்தத் தடவை நான்தான் அனுப்புறேன்னும் சொல்லு. இதை எனக்கு அனுப்பினாரே, அதுக்கு ரொம்ப நன்றின்னும் எழுது."

மூன்றையும் எழுதிவிட்டேன். மோதிரம் இத்துடன் இருக்கிறது. நீங்கள் இதை அனுப்பி அவள் பாரத்தை இறக்காமல் இருந்திருந்தால் அவளுக்கு இதைத் திருப்பி அனுப்பும் துணிவு வந்திருக்காது என்பது எனக்கும் தெரிகிறது. உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

செம்பட்டை


ஆகஸ்ட் 2

அம்மையாருக்கு,

பொட்டலம் கிடைத்தது. கிடைத்தது என்பதற்காக மட்டுமே எழுதுகிறேன்.

தலைமையாசிரியர் பதவி தட்டைப் பாதத்துக்குப் போய்விட்டது. பாராட்டுக் கூட்டத்தில் அவர் முக்கால் மணி நேரம் பேசினார். நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கொட்டாவி வந்தது. அடக்கிக்கொண்டேன். அடக்க முடியும் என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

எனக்கு முன்பே தெரிந்திருக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். என்னைப் பற்றி நீங்கள் எழுதியதிலேயே மரியாதையான வாக்கியம் அதுதான். அதனால் மறுக்கவில்லை.

அவள் கைக்கு, வெந்நீரில் ஊறவைத்து விரல்களைக் கொஞ்சம் கொஞ்சமாக மடக்கிப் பழக்கினால் பலன் உண்டு என்று ராணுவ மருத்துவமனையில் கேள்விப்பட்டிருக்கிறேன். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

ஒரு விஷயம். முடிச்சை நான் தொடவில்லை என்று எழுதியது உண்மை. முடியைத் தொடவில்லை என்று நான் எழுதவில்லை. அனுப்புவதற்கு முன் நூலில் சிக்கியிருந்ததில் ஒன்றை மட்டும் உருவி எடுத்து வைத்துக்கொண்டேன். ஒன்றரை வருஷம் உங்களுடையது என்று நினைத்து நான் வெறுத்த முடி அது. இழுப்பறையில் இருக்கிறது. திருப்பிக் கேட்காதீர்கள். தரமாட்டேன்.